கிலோவுக்கு இருபது ரூபாய் நிற்குமா?

கேள்வி: கரூரில் ஒரு கொசுவலை மில்லில் 12 வருடமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 38, சம்பளம் 32,000 ரூபாய். சொந்தமாக பிளாஸ்டிக் மறுசுழற்சி யூனிட் போட ஆசை. மெஷின் ஏஜென்ட் ஒருவர் 32 லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வீட்டுக் கழிவாக வரும் எச்.டி. ஸ்கிராப்பை (குடம், கேன் மாதிரிப் பொருட்களின் பிளாஸ்டிக்) வாங்கி, கழுவி, உருக்கி, சிறு மணிகளாகக் குருணையாக்கும் லைன். மணிக்கு 100 கிலோ வரும், எல்லாச் செலவும் போக கிலோவுக்கு 20 ரூபாய் நிற்கும், நாலு மாதத்தில் மெஷின் காசு வந்துவிடும் என்கிறார். மறுசுழற்சிச் சான்றிதழ் விற்றும் வருமானம் வருமாம். ஷெட், கரண்ட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து 50 லட்சம் ஆகிறது. கையில் 10 லட்சம் உண்டு, மீதி 40 லட்சம் வங்கிக் கடன். ஊர் ஓரத்தில் 40 சென்ட் நிலம் இருக்கிறது. போதாவிட்டால் மனைவியின் நகை இருக்கிறது. மாமனார், 'குப்பையில் போட்ட காசு குப்பைக்கே போகும்' என்கிறார். இறங்கலாமா?
பெயர் வேண்டாம், கரூர்

தம்பி, 38 வயது என்கிறீர்கள், அப்படியே கூப்பிடுகிறேன்.

கோவையில் உட்கார்ந்து 22 வருடமாகச் சிறுதொழில்களுக்குத் திட்ட அறிக்கையும் கணக்கும் எழுதுகிறேன். பிளாஸ்டிக் மறுசுழற்சி யூனிட் மட்டும் முப்பதுக்கு மேல் பார்த்திருப்பேன். நன்றாக ஓடுவதும் உண்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டியதும் உண்டு. பூட்டியவற்றில் ஒன்றைக்கூட மெஷின் சரியில்லை என்று பூட்டியதாக நினைவில்லை. வாங்கிய ஸ்கிராப்பில் ஏமாந்தவர்கள் ஒரு பக்கம், விற்ற சரக்குக்குக் காசு வராமல் சிக்கியவர்கள் இன்னொரு பக்கம். நீங்கள் இணைத்து அனுப்பிய நாலு பக்க கொட்டேஷனில் மோட்டார் குதிரைசக்தி, ஸ்க்ரூ விட்டம், பெயின்ட் நிறம் வரை இருக்கிறது. இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை. அதனால் நான் அந்த இரண்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் ஏஜென்ட் கணக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். மணிக்கு 100 கிலோ, நாளுக்கு 20 மணி நேரம், மாதம் 26 நாள், ஆக 52 டன். கிலோவுக்கு 20 ரூபாய் என்றால் 10 லட்சத்து 40 ஆயிரம். மூன்று மாதம் தாண்டியதும் 32 லட்சம் திரும்பிவிடுகிறது. கூட்டல் பெருக்கலில் தப்பே இல்லை.

அந்த 100 கிலோ, சுத்தமான சரக்கைப் போட்டு டெமோ காட்டும்போது வருவது. வீட்டுக் கழிவில் மண்ணும் காகிதமும் ஒட்டிக்கொண்டு வரும். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் முகப்பில் இருக்கும் வடிகட்டி மெஷ் அடைத்துக்கொள்ளும், நிறுத்தி மாற்ற வேண்டும். மாற்றி முடிப்பதற்குள் முன்னால் கொஞ்சம் கட்டியாக வழிந்திருக்கும். அதைத் திரும்ப உடைத்துத்தான் போட வேண்டும். ஆள் வராத நாள், கரண்ட் போகிற நாள், பிளேடு தீட்டுகிற நாள் எல்லாம் கழித்தால் இரண்டு ஷிப்ட், 16 மணி நேரம், மாதம் 25 நாள், மணிக்கு சராசரி 75 கிலோ. மாதம் 30 டன். இதுவே நல்லபடியாக நடக்கிற யூனிட்டின் கணக்கு.

அப்புறம் இந்தத் தொழிலின் முதுகெலும்பு: வாங்குகிற கிலோ வேறு, விற்கிற கிலோ வேறு.

பெருந்துறைப் பக்கம் ஒரு யூனிட்டுக்கு ஸ்டாக் பார்க்கப் போயிருந்தேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று இறங்கிய ஒரு பேல், அதாவது அழுத்திக் கட்டிய ஸ்கிராப் கட்டு, எடைமேடைச் சீட்டில் 312 கிலோ. முதலாளியிடம் சொல்லி அதை மட்டும் பிரித்துத் தனியாகக் காயப்போடச் சொன்னேன். இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகு 268. பொறுக்கும் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து பிரித்தார்கள். பி.வி.சி. பைப் துண்டு, பழைய துணி, செருப்பு வார், பாதி காலியான ஷாம்பூ பாட்டில், அடியில் ஒரு செங்கல். கழுவி உலர்த்தி ஓட்டியபோது கைக்கு வந்த குருணை 231 கிலோ. நூற்றுக்கு 74. அந்த முதலாளி மூன்று வருடமாக லாபத்தை 312 கிலோவுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நோட்டில் லாபம், வங்கியில் ஓவர்டிராப்ட். 'கணக்கில் எங்கேயோ ஓட்டை இருக்குங்க சார்' என்றார். ஓட்டை அந்த பேலில் இருந்தது.

உங்களுக்கு 74 வேண்டாம், கொஞ்சம் நல்ல சரக்கு வாங்குகிறீர்கள் என்று 78 வைத்துக்கொள்வோம். கீழே நான் போடுகிற விலையெல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை; உங்கள் ஊர் விலையை நீங்களே விசாரித்து அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கிராப் கிலோ 38 ரூபாய், குருணை 72 ரூபாய் என்று வைப்போம். ஏஜென்ட் கணக்கில் இடைவெளி 34 ரூபாய். ஆனால் ஒரு கிலோ குருணைக்கு நீங்கள் 1.28 கிலோ ஸ்கிராப் வாங்க வேண்டும். அதன் விலை 48 ரூபாய் 70 காசு. ஆக கையில் நிற்கும் இடைவெளி 23 ரூபாய் 30 காசு. மெஷின் சுவிட்ச் போடுவதற்கு முன்பே பத்தே முக்கால் ரூபாய் போய்விட்டது.

இனி செலவு. அரைத்து, கழுவி, உலர்த்தி, உருக்கி எடுக்கக் கரண்ட் கிலோவுக்கு 8 ரூபாய். மெஷின் நின்றாலும் கட்டவேண்டிய டிமாண்ட் கட்டணமும் இதில் அடக்கம். பத்துப் பேர் சம்பளம் மாதம் ஒன்றரை லட்சம், கிலோவுக்கு 5 ரூபாய். மெஷ், பிளேடு, ஸ்க்ரூ பேரல் தேய்மானம் ஒன்றரை ரூபாய். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி 2 ரூபாய். கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்வது, சேறும் ரிஜெக்டும் அப்புறப்படுத்துவது ஒரு ரூபாய். போன், லைசென்ஸ், ஆடிட்டர் எல்லாம் ஒரு ரூபாய். மொத்தம் பதினெட்டரை. மீதி நிற்பது கிலோவுக்கு 4 ரூபாய் 80 காசு. முப்பது டன்னுக்குச் சுமார் ஒரு லட்சத்து 43 ஆயிரம்.

மோசமில்லையே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 40 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டியில், ஏழு வருடத் தவணை மாதம் 68,500 ரூபாய். மீதி 75,000. இன்னும் ஒரு வட்டி பாக்கி இருக்கிறது. அதைத்தான் முக்கால்வாசிப் பேர் மறக்கிறார்கள்.

உங்கள் 50 லட்சத்தில் நடைமுறை மூலதனம் எங்கே? ஷெட் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, ஸ்கிராப் வாங்கக் காசு இல்லை. காயலாங்கடைக்காரர் கடன் கொடுக்கமாட்டார். அவர் தெருத்தெருவாகப் போகிற ஆட்களுக்கு சாயங்காலம் காசு எண்ணிக் கொடுக்க வேண்டும், அதனால் உங்களிடமும் ரொக்கம்தான். மறுபக்கம் உங்களிடம் குருணை வாங்குகிற பைப் கம்பெனியோ குடம் பக்கெட் அடிக்கிறவரோ 45 நாள், 60 நாள் என்பார். மாதம் 30 டன்னுக்கு வரியோடு பில் 25 லட்சத்து 50 ஆயிரம். 45 நாள் கடன் என்றால் எப்போதும் 38 லட்சம் வெளியே நிற்கும். பதினைந்து நாள் ஸ்கிராப்பும் கொஞ்சம் குருணையும் குடோனில் இருந்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு லட்சம். மெஷினுக்கும் ஷெட்டுக்கும் போட்ட அளவு காசு மறுபடியும் ஒருமுறை வேண்டும். இதில் லாபப் பங்கைக் கழித்து 40 லட்சத்துக்கு மட்டும் வட்டி போட்டாலும் மாதம் 36,700. கடைசியில் உங்கள் கைக்கு வருவது 38,000 ரூபாய்.

இப்போது வாங்குகிற சம்பளம் 32,000. ஆறாயிரம் கூடுதலுக்காக 80 லட்சம் கடன். அதிலும் இது எல்லாம் ஒழுங்காக நடக்கும் மாதத்தின் கதை. குருணை விலை இரண்டு ரூபாய் இறங்கினால் அந்த மாதம் 60,000 போய்விடும். விலை அப்படியே இருந்து, 78 என்று வைத்த வரவு 72 ஆனால் ஒரு லட்சத்து 22 ஆயிரம் போகும். கவனித்தீர்களா, இரண்டு ரூபாய் விலைச் சரிவைவிட ஈரமான சரக்குதான் பெரிய அடி.

விலைச் சரிவு உங்கள் கையில் இல்லை. கச்சா எண்ணெய் இறங்கினால் புதுக் குருணை இறங்கும். புதுசு இறங்கினால் பழசை யாரும் பழைய விலைக்கு வாங்கமாட்டார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்க கச்சா எண்ணெய் ஒப்பந்த விலை ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது ஞாபகம் இருக்கும். குருணை விலை மளமளவென்று இறங்கும்போது காயலாங்கடை விலை அதே வேகத்தில் இறங்காது. குடோனில் பழைய விலைக்கு வாங்கிப் போட்ட மூட்டைகள் வேறு. அதனால்தான் ஸ்கிராப்பை மலைபோலக் குவித்து வைத்திருக்கும் யூனிட்டைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்காது, வயிற்றைக் கலக்கும்.

ஜி.எஸ்.டி. சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் ஸ்கிராப்புக்கு 5 சதவீதமாக இருந்த வரி 2021 அக்டோபர் 1 முதல் 18 ஆனது. விற்கிற குருணைக்கும் 18. வாங்கும்போது கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் சின்னக் காயலாங்கடைகளில் பலருக்கு ஜி.எஸ்.டி. எண்ணே கிடையாது, கழிப்பதற்கு ஒன்றுமே இருக்காது. நீங்கள் 72 ரூபாய்க் குருணையை வரியோடு 84 ரூபாய் 96 காசுக்கு பில் போடுவீர்கள். பக்கத்து ஊர்க்காரர் பில் இல்லாமல் 76க்குக் கொடுப்பார். வரி கட்டுகிற கம்பெனிக்கு உங்கள் பில் பாரமில்லை, உங்கள் வரியை அவர்கள் கழித்துக்கொள்வார்கள். பில் வேண்டாம் என்கிற சின்ன மோல்டிங்காரர்கள் அவரிடம் போய்விடுவார்கள். அதோடு, வாங்கியவர் 60 நாளில் காசு தந்தாலும் வரியை அடுத்த மாதமே நீங்கள் கட்டியாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஒருவர் வருவார். 'சரக்கு அவரிடம் வாங்குங்க, பில் நான் தர்றேன்' என்பார். தயவுசெய்து கிட்டவே போகாதீர்கள். அந்த பில்லுக்கு உரியவர் வரி கட்டாமல் மறைந்தால், நீங்கள் கழித்துக்கொண்ட தொகையை 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும், அபராதம் தனி. என் வாடிக்கையாளர் ஒருவர் இப்படி இரண்டு வருட லாபத்தை ஒரே தடவையில் கொண்டுபோய் வரி அலுவலகத்துக்குக் கட்டினார்.

சான்றிதழ் வருமானத்துக்கு வருவோம். ஏஜென்ட் சொன்னதில் அடிப்படை இருக்கிறது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைப்படி, பொருளை பிளாஸ்டிக்கில் பொதிந்து விற்கிற கம்பெனிகள் அந்த அளவு கழிவை மறுசுழற்சி செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் தருகிற சான்றிதழை அதற்கு வாங்கிக்கொள்ளலாம். கெட்டி பிளாஸ்டிக் பொதிகளில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் சேர்க்க வேண்டும், 2028-29இல் அது 60 ஆக வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நல்ல குருணைக்கு வரும் வருடங்களில் கிராக்கி இருக்கும் என்று நானும் நம்புகிறேன்.

ஆனால் திட்ட அறிக்கையில் இந்த வருமானத்துக்கு நான் பூஜ்யம்தான் போடுவேன். இது பொதி பிளாஸ்டிக்குக்கு மட்டும். பழைய குடம், சேர், தண்ணீர்த் தொட்டி, உங்கள் மில்லின் கொசுவலை நூல், இவற்றை எத்தனை டன் ஓட்டினாலும் இந்தச் சான்றிதழ் கிடையாது. அடுத்தது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிய வேண்டும், வாங்கியதற்கும் விற்றதற்கும் பில் காட்ட வேண்டும். பில் இல்லாத ஸ்கிராப்பில் ஓடும் யூனிட்டால் அது ஆகாது. 2023இல் வாரியம் தணிக்கை செய்தபோது லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. கெடுபிடி கூடத்தான் செய்யும். சான்றிதழின் விலையும் சந்தையைப் பொறுத்து ஏறும், இறங்கும். வந்தால் தீபாவளி போனஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பித் தவணை கட்டக் கூடாது.

சரி, அப்படியென்றால் வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு மனசில்லை. காரணம், உங்கள் கடிதத்தின் முதல் வரி. அதை நீங்களே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொசுவலை மில்லில் 12 வருடம். அங்கே விழுகிற கழிவு என்ன? எச்.டி. நூல். ஒரே வகை பிளாஸ்டிக், ஒரே கிரேடு, நிறம் வாரியாகப் பிரிந்து, மண் படாமல், ஈரமில்லாமல் மூட்டையில் கிடக்கிறது. கழுவ வேண்டாம், தண்ணீர்த் தொட்டி வேண்டாம், சேறு இல்லை. நூறு கிலோ போட்டால் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் வரும். பெருந்துறைக்காரர் ஒவ்வொரு பேலிலும் சூதாடுகிற அந்த ஆட்டமே இங்கே கிடையாது. கரூரில் எந்த மில்லில் எவ்வளவு கழிவு விழுகிறது, எங்கே தங்களே ஓட்டிக்கொள்கிறார்கள், எங்கே வெளியே தள்ளுகிறார்கள் என்பது எந்த ஏஜென்டுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அதனால் என் யோசனை இது. வீட்டுக் கழிவு லைனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நூலைச் சுழற்றிச் சூடேற்றிச் சின்னத் துகள்களாக்கும் ஒரு அக்லோ மெஷின், ஒரு சின்ன எக்ஸ்ட்ரூடர், முடிந்தால் செகண்ட் ஹேண்டில். கிரைண்டர் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நூல் தண்டில் சுற்றிக்கொண்டு மோட்டாரை எரித்துவிடும், நீங்களே பார்த்திருப்பீர்கள். அக்லோவுக்கு நல்ல ஆள் வேண்டும். உள்ளே நூல் சுற்றிச் சூடேறிக் குழையும்போது மோட்டார் சத்தம் கனக்கும். அந்தக் கனம் வந்த நொடியில் ஒரு குவளைத் தண்ணீரை வீச வேண்டும். முந்தினால் நூலாகவே நிற்கும், பிந்தினால் மொத்தமும் ஒரே கட்டி, கடப்பாரை வைத்துத்தான் எடுக்க வேண்டும். திருப்பூரில் ஒரு அக்லோக்காரர் பீடி பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார், சத்தத்தை வைத்தே எழுந்து வந்து ஊற்றுவார். அப்படி ஒருவர் கிடைத்தால் ஆயிரம் ரெண்டாயிரம் கூடக் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் முதல் வருடம் சொந்தமாக ஸ்கிராப் வாங்காதீர்கள். ஜாப் ஒர்க் எடுங்கள். மில்லின் கழிவு மில்லுக்கே சொந்தம், நீங்கள் குருணையாக்கித் திருப்பித் தருகிறீர்கள், கூலி மட்டும் உங்களுக்கு. கிலோவுக்கு 12 ரூபாய் என்று வைப்போம். மாதம் 20 டன் என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம். கழுவும் வேலை இல்லாததால் கரண்ட் கிலோவுக்கு 5 ரூபாய், ஒரு லட்சம். நீங்கள் நிற்பதால் ஆட்கள் மூன்று பேர் போதும், 45,000. மெஷ், பிளேடு, ரிப்பேர் 20,000. மற்றவை 15,000. மீதி 60,000. முதலீடு 16 லட்சம், அதில் கடன் 12 லட்சம் என்றால் தவணை 20,500. கைக்கு 39,500.

பெரிய லைனில் 38,000, இதில் 39,500. அங்கே 80 லட்சம் கடன், இங்கே 12 லட்சம். எண்ணெய் விலை இறங்கினால் அது மில் முதலாளியின் கவலை. மழை பெய்தால் உங்கள் எடை மாறாது. சரக்கு வாங்க ரொக்கம் தேடி அலைய வேண்டாம்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. ஏற்கெனவே இந்த வேலை செய்கிறவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள், கூலியை அடித்துப் பேசுவார்கள். 20 டன்னுக்குப் பதில் 12 டன்தான் கிடைத்தால் தவணை கட்டவே பற்றாது. ஆகவே மெஷினுக்கு முன்னால் மில்களைப் பாருங்கள். நாலு மில்லில் மாதம் இவ்வளவு தருகிறோம் என்று வாய்வார்த்தையாகவாவது சொல்லட்டும். ஒரே மில்லை நம்பி, அதுவும் இப்போது வேலை செய்கிற மில்லை மட்டும் நம்பி இறங்காதீர்கள். முதலாளியிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது, வேறு வாய் வழியாகப் போகக் கூடாது.

இன்னொரு வேலையும் உண்டு. வேலையை விடுவதற்கு முன்னால் ஒரு டன் நூல் கழிவைச் சொந்தக் காசில் வாங்குங்கள். வேறு யூனிட்டில் கூலி கொடுத்து ஓட்டுங்கள். வந்த குருணையை நீங்களே விற்றுப் பாருங்கள். எத்தனை கிலோ வந்தது, யார் என்ன விலை கேட்டார், எந்த நாள் காசு கைக்கு வந்தது, மூன்றையும் எழுதுங்கள். நிறையப் போனால் ஐந்தாறாயிரம் நஷ்டமாகும். நான் எழுதுகிற எந்தத் திட்ட அறிக்கையும் அந்த ஒரு பக்க நோட்டுக்கு ஈடாகாது.

பின்னாளில் வெளிச் சரக்கு வாங்கத் தொடங்கினால் ஒரு சொம்புத் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எச்.டி., எல்.டி., பி.பி. மூன்று வகை பிளாஸ்டிக்கும் மிதக்கும், தண்ணீர் பாட்டிலின் பெட், பைப்பின் பி.வி.சி. இரண்டும் மூழ்கும். எச்.டி. என்று சொல்லித் தந்த துண்டு மூழ்கினால், ஒன்று அது வேறு பிளாஸ்டிக், இல்லை சுண்ணாம்புப் பவுடர் அதிகம் கலந்தது. இரண்டுக்கும் எச்.டி. விலை கொடுக்காதீர்கள். எடை போடுவதற்கு முன்னால் மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், ஓரம் காய்ந்திருக்கும், நடுவில் சொட்டும்.

நிலம் பற்றி. 40 சென்ட் இருக்கிறது என்பதற்காக அங்கே ஷெட் போட்டுவிடாதீர்கள். விவசாய நிலமாக இருந்தால் வகை மாற்ற வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் தொடங்க ஒரு இசைவு, இயக்க ஒரு இசைவு, இரண்டும் வேண்டும். அமராவதி ஆற்றில் சாயத் தண்ணீர் ஓடிய ஊர் உங்களுடையது. கழுவுகிற யூனிட் என்றாலே அங்கே கேள்வி கூடுதலாக வரும். கழுவாத யூனிட்டுக்கு அந்தத் தலைவலி குறைவு, ஆனால் புகைக்கும் சத்தத்துக்கும் பக்கத்து வீட்டார் மனு கொடுப்பார்கள். தொடங்கும் இசைவு கைக்கு வருமுன் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். குருணையைத் தாண்டிப் பொருள் செய்யும் எண்ணம் வந்தால், கேரி பேக் பக்கம் மட்டும் போகவேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், எந்தத் தடிமனாக இருந்தாலும் தடை.

மானியம் கேட்டிருக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாவட்டத் தொழில் மையத்தில், புதுத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் பற்றிக் கேளுங்கள். முதலீட்டில் 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. பொதுப்பிரிவுக்கு 45 வயது வரைதான், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. என்கிற மானியக் கடன் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை போகலாம். உங்கள் மொத்தச் செலவு கச்சிதமாக 50 லட்சத்தில் நின்றது எப்படி என்று இப்போது புரிந்திருக்கும். அந்த மானியம் கைக்கு வராது, மூன்று வருடம் வங்கியில் உங்கள் பெயரில் முடங்கிக் கிடந்துதான் கடனில் கழியும். முதல் மாதத்து ஸ்கிராப் காசுக்கு அது உதவாது.

வசூல் பற்றி ஒரு வார்த்தை. முதல் வேலையாக, சிறுதொழில் என்பதற்கான மத்திய அரசின் உத்யம் பதிவு போட்டுவிடுங்கள். சிறு, குறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் காசு தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அப்படித் தராதவர் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது. இதைக் காட்டிச் சண்டை போட்டால் அடுத்த மாதம் வேலை வராது, அது வேறு விஷயம். ஆனால் மார்ச் மாதத்தில் வாங்கியவரின் ஆடிட்டரே அவரிடம் உங்கள் பில்லைக் கேட்பார். பிப்ரவரிக் கடைசியில் ஒரு நினைவூட்டல் கடிதம் போட்டு வையுங்கள், வேலை செய்கிறது.

நகை பீரோவிலேயே இருக்கட்டும். 16 லட்சத்துத் திட்டத்துக்கு உங்கள் 10 லட்சத்தில் நாலு லட்சம் முதலீடு, மூன்று லட்சம் முதல் மாதங்களின் கரண்ட் பில்லுக்கும் கூலிக்கும். மீதி மூன்று லட்சத்தை வீட்டுச் செலவுக்கென்று தனிக் கணக்கில் போட்டு, அந்தப் பாஸ்புக்கை உங்கள் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் 'இந்த விலை 15 நாளுக்கு மட்டும்' என்று சிவப்பு மையில் அடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பதறவேண்டாம். அந்த ஒரு டன்னை ஓட்டி முடித்து நீங்கள் போன் செய்யும்போதும் அதே விலை இருக்கும், தேதியை மட்டும் மாற்றி அனுப்புவார்கள்.